பாட்டே இல்லாத இசைத்தட்டு

திருவொற்றியூர் குப்பத்தில் ஒரு செய்தி தெரு முழுக்கப் பரவ வேண்டுமா? மங்கையின் காதில் போட்டால் போதும். அவள் மீன் கூடையோடு மார்க்கெட் போய்ச் சேர்வதற்குள், செய்தி அவளுக்கு முன்னால் போய் அங்கே உட்கார்ந்திருக்கும்.

ஒரு வாரமாக அவளிடம் ஒரே செய்திதான் இருந்தது.

"எம் பெரிய பொண்ணு மோகனப்ரியா கீறா இல்ல, சனிக்கிழமை சாய்ங்காலம் நம்ம தெருவுல பாட்டு போடப் போறா. டீஜே. மறக்காம வந்துடு."

தெருவின் கேரம் மன்றம் ஆண்டுதோறும் போட்டி நடத்தும். கடைசி நாளில் பந்தல் போட்டுப் பரிசு கொடுப்பார்கள். வழக்கமாக மன்றச் செயலாளர் ஜெகதீசன் தன்னுடைய பென்டிரைவை ஸ்பீக்கரில் செருகிவிட்டு, நாற்காலியில் சாய்ந்து டீ குடிப்பார். அதில் இருப்பதே பதினோரு பாட்டுதான். தெரு நாய்களுக்குக்கூட வரிசை மனப்பாடம்.

இந்த முறை மோகனப்ரியா போய்க் கேட்டாள். ஜெகதீசன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி யோசித்தார்.

"சரி, பண்ணு. ஆனா அஞ்சே முக்காலுக்குள்ள எல்லாம் ரெடியா இருக்கணும். இல்லன்னா என் பென்டிரைவ்தான்" என்றார்.

வண்ணாரப்பேட்டையில் ஒரு துணிக்கடையில் இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்துத்தான் மோகனப்ரியா தன் கருவிகளை வாங்கினாள். சுழலும் தட்டுமேடைகள் இரண்டு, அவற்றின் மேல் வைக்க இரண்டு கறுப்பு இசைத்தட்டுகள், நடுவில் ஒலிகளைக் கலக்க ஒரு மிக்சர், ஒரு பழைய லேப்டாப். அவற்றைத் தொட வீட்டில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் அனுமதி. அது அவளுடைய தங்கை மகிழினி. வயது பத்து. ஐந்தாம் வகுப்பு. அந்த அனுமதியை அவள் பள்ளிக்கூடத்தில் சொல்லாத நாளே இல்லை.

"அந்தத் தட்டுல இன்னா பாட்டு கீது?" என்று யார் கேட்டாலும் மகிழினி முதுகை நிமிர்த்திக்கொள்வாள்.

"பாட்டே கிடையாது."

"அப்புறம்?"

"கீ...னு ஒரு சத்தம் மட்டும் கீது. கொசு கத்துற மாதிரி. அந்தச் சத்தத்த முள்ளு படிக்கும். தட்டு எந்தப் பக்கம் சுத்துது, எவ்ளோ வேகமா சுத்துது, இப்போ எந்த எடத்துல கீதுன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லும். பாட்டு கம்ப்யூட்டர்லதான் கீது. அக்கா தட்டைப் பின்னால தள்ளினா பாட்டும் பின்னால போவும். அதுக்குப் பேரு டைம்கோட்."

மங்கை முதல் நாள் இதைக் கேட்டபோது தலையில் அடித்துக்கொண்டாள். "பாட்டே இல்லாத ரிக்கார்டப் போய்க் காசு குடுத்து வாங்கினு வந்துகீறாளே" என்றாள். ஆனால் மகள் தட்டை முன்னும் பின்னும் ஆட்டிப் பாட்டைத் திக்க வைத்ததைப் பார்த்த பிறகு, அடுத்த வீட்டுக்காரிக்கு அவளே விளக்கம் சொல்லத் தொடங்கிவிட்டாள்.

சனிக்கிழமையும் வந்தது. மகள் பாட்டுப் போடுவதைப் பார்ப்பதற்காகவே அப்பா செல்வம் அன்று காலை கரைக்கு வந்துவிட்டார். காசிமேட்டிலிருந்து விசைப்படகில் போனவர். பத்து நாள் கடலில் இருந்த களைப்பு முகத்தில் இருந்தாலும், குளித்துவிட்டுப் புது நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டார். கேரம் போட்டியில் அவர்தான் நடுவர். அந்தக் காலத்தில் அவர் ஸ்ட்ரைக்கரைத் தொட்டால் காய் தானாகப் போய்க் குழியில் விழும் என்று அவரே சொல்வார்.

மதியம் சாப்பிடும்போது மோகனப்ரியா குறைப்பட்டுக்கொண்டாள்.

"தட்டு கைக்கு அடியில சும்மா வழுக்கிக்கினு போவணும் நைனா. இந்தக் கடல்காத்து ஈரத்துல பிசுபிசுன்னு நிக்குது."

செல்வம் மீன் முள்ளை எடுத்து ஓரமாக வைத்தார். "அப்படியா" என்றார். சாப்பிட்டு முடிக்கும்வரை ஏதோ ரகசியம் வைத்திருப்பவர் போலத் தனக்குத் தானே சிரித்துக்கொண்டிருந்தார்.

மாலை ஐந்து மணிக்கு, பந்தலில் கருவிகளை வைத்து இணைத்தாயிற்று. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் சாலையில் உறுமிக்கொண்டே போயின. தெருவே நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்திருந்தது. பையன்கள் பந்தல் கம்பத்தில் தொங்கினார்கள்.

மோகனப்ரியா இடது தட்டைச் சுழலவிட்டாள். பாட்டு கணீரென்று வந்தது. லேப்டாப் திரையில் இடது பக்கம் ஒரு பச்சை வட்டம் தெரிந்தது. முள் சரியாகப் படிக்கிறது என்றால் அந்த வட்டம் கேரம் ஸ்ட்ரைக்கர் மாதிரி உருண்டையாக இருக்க வேண்டும். இருந்தது.

அடுத்து வலது தட்டு. பாட்டு இரண்டு நொடி ஓடியது. பிறகு திக்கியது. வழுக்கியது. நின்றது. திடீரென்று பின்பக்கமாக ஓடி, ஏதோ புரியாத மொழியில் முனகியது. திரையில் வலது வட்டம், கடித்துப் போட்ட முறுக்கு மாதிரி கிடந்து நடுங்கியது.

கம்பத்தில் தொங்கிய பையன்கள் சிரித்தார்கள். "யக்கா, பாட்டுக்கு வயித்து வலியா?" என்றான் ஒருவன்.

மோகனப்ரியாவுக்கு வியர்த்துவிட்டது. ஒரு கையால் லேப்டாப்பில் எதையோ மாற்றினாள். மறு கையால் பின்னால் இருந்த ஒயர்களைப் பிடுங்கிச் செருகினாள். பதற்றத்தில் எது எங்கே இருந்தது என்பதே மறந்துபோனது. இப்போது இடது தட்டும் ஊமையாகிவிட்டது.

ஜெகதீசன் வந்து எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, ஒண்ணும் வேலைக்கு ஆவாதா? நான் வேணா பென்டிரைவ..."

"அஞ்சு நிமிஷம்ண்ணே."

அவர் நகர்ந்ததும் மோகனப்ரியா தங்கையிடம் மெல்லச் சொன்னாள். "இன்னிக்குச் சொந்தத் தெருவுல பல்பு வாங்கிட்டேன்னா, அப்பால யாரும் என்னக் கூப்பிட மாட்டாங்கடி."

"வலது தட்டு வேணாங்க்கா. ஒரு தட்ட வெச்சே ஓட்டிடலாமா?"

"ரெண்டு தட்டும் சேந்தாத்தான்டி அது வரும்."

'அது' என்னவென்று மகிழினிக்கு மட்டும்தான் தெரியும். அப்பாவுக்காக அக்கா மூன்று மாதமாகச் செய்துவைத்திருந்த ஒன்று அது. அதை இன்று அவர் கேட்டே ஆக வேண்டும். அடுத்த முறை அவர் எப்போது கரையில் இருப்பார் என்று யாருக்குத் தெரியும்?

மகிழினி கருவிப் பெட்டிக்குள்ளிருந்து அக்காவின் பழைய நோட்டை எடுத்தாள். முதல் பக்கத்தில் அக்காவின் கையெழுத்து பெரிதாக இருந்தது. அதை அப்படியே படித்தாள்.

"ஒரு நேரத்துல ஒண்ணுதான் மாத்தணும். மாத்திட்டுப் பார்க்கணும். பாத்துட்டுத்தான் அடுத்தது."

மோகனப்ரியா நோட்டைப் பார்த்தாள். பிறகு தங்கையைப் பார்த்தாள். மூச்சை இழுத்து விட்டாள்.

"நான் எழுதுனத எனக்கே படிச்சுக் காட்டுறியா? சரி, படி. அடுத்து இன்னா?"

முதலில் எல்லா ஒயரையும் பழையபடி செருகினார்கள். இடது தட்டு மறுபடி பாடியது. அப்பாடா, ஒன்று தேறியது.

"இப்போ ஒயர மட்டும் மாத்திப் பாக்கலாங்க்கா. இடது ஒயரு வலதுல, வலது ஒயரு இடதுல."

மாற்றினார்கள். கடித்த முறுக்கு வலது பக்கத்திலிருந்து இடது பக்கத்துக்கு வந்துவிட்டது.

"அப்போ கம்ப்யூட்டரு மேல தப்பு இல்ல" என்றாள் மகிழினி. "தப்பு அந்தத் தட்டு பக்கத்துலேர்ந்துதான் வருது."

ஒயரைப் பழையபடி மாற்றிவிட்டு, முள்ளைப் பார்த்தாள். நுனியில் குட்டியாக ஒரு வெள்ளைப் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது. தன் பள்ளிப் பையிலிருந்து ஓவியம் வரையும் மெல்லிய தூரிகையை எடுத்து, பின்னாலிருந்து முன்னால் மெதுவாக ஒரு தடவு தடவினாள். பஞ்சு போய்விட்டது.

வலது தட்டு பாடியது. வட்டம் உருண்டையானது. பையன்கள் விசில் அடித்தார்கள். மோகனப்ரியா தங்கையின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

மகிழினி மட்டும் சிரிக்கவில்லை. வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். பதினெட்டு, பத்தொன்பது, இருபது. பாட்டு திக்கியது. முள்ளின் நுனியில் மறுபடி அதே வெள்ளைப் பஞ்சு.

"முள்ளு மேல தப்பு இல்லக்கா. முள்ளு எங்கேர்ந்தோ அத்த வாரிக்கினு வருது. இப்போ தட்ட மாத்து."

இடது தட்டை வலது பக்கமும், வலது தட்டை இடது பக்கமும் போட்டார்கள். முள்ளை இன்னொரு முறை துடைத்தார்கள். வலது பக்கம் இப்போது நன்றாகப் பாடியது. இடது பக்கம் திக்கியது.

"மாட்டிக்கிச்சு" என்றாள் மகிழினி. நோய் இந்த ஒரு தட்டில்தான்.

அதைத் தூக்கி மாலை வெயிலில் சாய்த்துப் பிடித்தாள். கறுப்புத் தட்டின் மெல்லிய வரிகளுக்குள் வெள்ளை வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது.

ஜெகதீசன் கண்ணாடியை மேலே தூக்கிப் பார்த்தார். "நான் சொல்லல? கரன்ட்டு பிளான்ட்டுலேர்ந்து காத்துல வர சாம்பல். நம்ம ஏரியாவுல காயப் போட்ட துணியே கலீஜாயிடுது, இது இன்னா."

மகிழினி ஒரு விரலால் ஓரத்தைத் தொட்டு, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தாள். சாம்பல் என்றால் நறநறக்கும், நிறமும் கறுக்கும். இது வெள்ளை. வழுவழுவென்று விரல் தானாகச் சறுக்கியது. தினமும் மாலையில் கேரம் போர்டில் அவள் தூவுகிற அதே பவுடர். கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் அவளுக்குத் தெரியும்.

"சாம்பல் இல்ல மாமா. கேரம் பவுடர்."

"கேரம் பவுடரா? ரிக்கார்டு மேலயா? யாரு பாத்த வேலை இது? ஆளக் காட்டு, நான் கவனிச்சுக்கிறேன்."

எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கம்பத்தில் தொங்கிய பையன்கள் சட்டென்று இறங்கி, தாங்கள் இல்லை என்று கையை விரித்துக் காட்டினார்கள்.

மகிழினியும் திரும்பிப் பார்த்தாள். முதல் வரிசையில் அப்பா உட்கார்ந்திருந்தார். அதுவரை மலர்ந்திருந்த முகம் வாடிப்போயிருந்தது. வலது கை மெதுவாக மேலே போய்ச் சட்டைப் பையை மூடியது. புது நீலச் சட்டையின் பையைச் சுற்றிலும் வெள்ளையாகத் திட்டுத் திட்டாகப் பவுடர். உள்ளே நடுவரின் பவுடர் டப்பா உருண்டையாகப் புடைத்துத் தெரிந்தது.

மகிழினிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கேரம் போர்டு பிசுபிசுத்தால் பவுடர் தூவ வேண்டும். காய் வழுக்கிக்கொண்டு ஓடும். இந்தத் தெருவில் பிறந்த யாருக்கும் அதுதான் தெரியும். மகள் தட்டு வழுக்கவில்லை என்று சொன்னதும், அப்பா போய்த் தூவிவிட்டார். உள்ளங்கையால் நன்றாகத் தேய்த்தும் விட்டிருப்பார். அடுத்த தட்டுக்குப் போவதற்குள் அம்மா ஏதோ வேலைக்குக் கூப்பிட்டிருப்பாள். அதனால் அது பிழைத்தது.

"யாருடாது, சொல்லுங்கடா" என்று ஜெகதீசன் குரலை உயர்த்தினார்.

அப்பா நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார்.

"யாரா இருந்தா இன்னா மாமா?" என்றாள் மகிழினி வேகமாக. "மணி அஞ்சரை ஆவப் போவுது. மொதல்ல தொடைக்கிற வழியப் பாக்கலாம்."

"அதுவும் சரிதான்" என்ற ஜெகதீசன், தெருமுனைக் குழாயில் துண்டை நனைத்துப் பிழிந்துகொண்டு வந்தார். "குடு, ஒரே தேய்."

மகிழினி தட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"வேணாம் மாமா. அது போர் தண்ணி. உப்பு. எங்க வூட்டுப் பக்கெட்டப் பாத்துகீறியா? வெள்ள வெள்ளையா அடையா அப்பியிருக்கும். பவுடருக்குப் பதிலா உப்பு போய் உள்ள குந்திக்கும்."

"அப்போ எந்தத் தண்ணிடி?" என்றாள் மோகனப்ரியா.

மகிழினி அப்பாவைப் பார்த்தாள். அவர் இன்னும் உட்காரவும் இல்லை, நிற்கவும் இல்லை.

"நைனா, ஒன் போட்டு இஞ்சின் பேட்டரிக்கு ஊத்துறதுக்குன்னு டிஸ்டில்ட் வாட்டர் வெச்சுகீறியே. பிரிக்காத கேன் ஒண்ணு வூட்டுல கீதுல்ல? அதுல உப்பே இருக்காதுன்னு நீதான சொன்ன?"

செல்வத்தின் முகத்தில் வெளிச்சம் வந்தது. "கீதும்மா. ஒரு சொட்டு உப்பு இருக்காது. நான் கேரன்டி."

"நீ போய் எட்த்துகினு வா நைனா. ஒன்னாலதான் ஆவும்."

கடலில் வலையை இழுக்கும்போதுகூட அவர் அத்தனை வேகமாக நகர்ந்திருக்க மாட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். இரண்டே நிமிடத்தில் கேனோடு திரும்பி வந்தார்.

மெத்தென்ற துணி வேண்டும். மகிழினி ஜெகதீசனின் மூக்குக் கண்ணாடியையே உற்றுப் பார்த்தாள். அவர் பெருமூச்சு விட்டு, கண்ணாடி துடைக்கும் துணியைக் கூட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தார். "புதுசு. பாத்துக்கோ."

அக்கா தட்டைப் பிடித்துக்கொண்டாள். அப்பா சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டார். வலையின் கண்ணிகளைப் பின்னிப் பழகிய கை அது, ஒரு சொட்டுகூடத் தட்டின் நடுவில் ஒட்டியிருந்த காகிதத்தில் படவில்லை. தட்டு சுற்றுகிற திசையிலேயே வரிகளோடு ஒட்டி மகிழினி துடைத்தாள். துணி வெள்ளையானது. தட்டு கறுத்தது. மங்கை எங்கிருந்தோ போட்டி அட்டவணை எழுதிய அட்டையைப் பிடுங்கிக்கொண்டு வந்து, ஈரம் காய விசிறினாள்.

"எம் பொண்ணுங்க ரெண்டும் இன்னா வேலை பண்ணுதுங்க பாரு" என்று விசிறியபடியே பின்வரிசைக்கும் கேட்கும்படி சொன்னாள்.

மணி ஐந்து நாற்பத்து நான்கு. ஜெகதீசன் ஒரு கையில் கடிகாரத்தையும் மறு கையில் பென்டிரைவையும் வைத்துக்கொண்டு நின்றார்.

மோகனப்ரியா இரண்டு முள்ளையும் துடைத்து, தட்டுகளைப் பழைய பக்கங்களில் போட்டு, வலது முள்ளை இறக்கினாள். திரையில் ஒரு பச்சைப் புள்ளி தோன்றியது. புள்ளி சுழன்று வட்டமானது. ஸ்ட்ரைக்கர் மாதிரி உருண்டையான வட்டம். மகிழினி இருபது வரை எண்ணினாள். நாற்பது வரை எண்ணினாள். வட்டம் அசையவில்லை.

ஜெகதீசன் பென்டிரைவைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மோகனப்ரியா தலையை நிமிர்த்தினாள். வலது தட்டை முதலிலிருந்து ஓடவிட்டு, மிக்சரில் ஒலியைத் திறந்தாள்.

ஸ்பீக்கரிலிருந்து முதலில் வந்தது பாட்டு இல்லை.

டுக்... டுக்... டுக்... டுக்...

தெரு ஒரு நொடி விழித்தது. பிறகு முதல் வரிசையில் ஒரு நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. செல்வம் எழுந்து நின்றிருந்தார்.

"இது நம்ம போட்டு" என்றார். "மங்க, இது நம்ம போட்டு இஞ்சின் சத்தம். எத்தினி போட்டு நின்னாலும் எனக்குத் தெரியும்."

மூன்று மாதத்துக்கு முன் மோகனப்ரியா விடிகாலையில் காசிமேடு போய், அப்பாவுக்குத் தெரியாமல் பதிவு செய்துகொண்டு வந்த சத்தம் அது. அந்த டுக்டுக் தாளமாகியது. இடது தட்டிலிருந்து பறை வந்து அதோடு சேர்ந்தது. பிறகு ஸ்ட்ரைக்கர் காயை அடிக்கும் டக் சத்தம். அது மகிழினி அடித்தது. அப்புறம் பாருங்கள், பந்தலில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. டீ டம்ளரோடு ஜெகதீசனே ஆடினார். அந்த ஆட்டத்தைப் பற்றி எதுவும் சொல்லாமல் விடுவதே நல்லது.

பரிசெல்லாம் கொடுத்து முடிந்ததும், மோகனப்ரியா அப்பாவை மேடைக்குக் கூப்பிட்டாள்.

"வா நைனா. ஒன் இஞ்சின நீயே ஒரு வாட்டி ஓட்டு."

செல்வம் வெட்கத்தோடு ஏறி வந்தார். வலது தட்டின் மேல் கையை நீட்டினார்.

மோகனப்ரியா மிக்சரிலிருந்து கண்ணை எடுக்காமல் மெதுவாகக் கேட்டாள். "கையக் கழுவிட்டியா நைனா?"

நீட்டிய கை அப்படியே நின்றது. செல்வம் சின்ன மகளைப் பார்த்தார். "நீ சொல்லிட்டியா?"

"நான் சொல்லவே இல்ல நைனா" என்றாள் மகிழினி.

"யாரும் சொல்லல" என்றாள் மோகனப்ரியா. "ஒன் சட்டப் பையே சொல்லுது. நானும் அப்பவே பாத்துட்டேன்."

செல்வம் தன் சட்டைப் பையைக் குனிந்து பார்த்தார். பெரியவளைப் பார்த்தார், சின்னவளைப் பார்த்தார். இருவருமே தெரிந்துகொண்டு, இருவருமே வாயைத் திறக்கவில்லை. பிறகு மைக்கைக் கையில் எடுத்தார்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. ரிக்கார்டுல பவுடரு போட்டவன் யாருன்னு ஜெகா தேடினு கீறான் இல்ல? நான்தான் அது. போட்டது நானு. கண்டுபிடிச்சது எஞ் சின்னப் பொண்ணு. வாசிச்சது எம் பெரிய பொண்ணு. எங்க வூட்டுல ஆளுக்கு ஒரு வேல."

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. அதற்குள் செல்வம் கையைக் கழுவி, புதுச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு வந்து தட்டின் மேல் வைத்தார். மெல்லத் தள்ளினார். டுக்டுக் முன்னால் போனது. இழுத்தார். டுக்டுக் பின்னால் வந்தது.

"போட்டுலகூட ரிவர்ஸ் இவ்ளோ சோக்கா வராது" என்றார்.

மறுநாள் காலையில், மீன் கூடையை இறக்கி வைப்பதற்கு முன்பே மங்கை மார்க்கெட் முழுக்கச் செய்தியைச் சொல்லி முடித்திருந்தாள். பெரியவள் வாசித்ததையும் சின்னவள் கண்டுபிடித்ததையும் ஒன்றுக்கு இரண்டாகச் சொன்னாள். பவுடர் விஷயத்தை மட்டும் பெருந்தன்மையாக விட்டுவிட்டாள்.

அதைச் செல்வமே காசிமேட்டில் படகு படகாக ஏறிச் சொல்லிக்கொண்டிருந்தார்.